இயங்கு கோப்புகளின் இனமறிதல்: எல்லைப்புறப் பள்ளிகளுக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்களும் தமிழ்ப்பகுதியுடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிக் குடும்பங்களைப் பிரிக்கவில்லை. பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் இல்லம் கேரளத்திலும், உத்தியோகம் தமிழ்நாட்டிலுமாக வாழ்வோர் உண்டு. பெண் கொடுத்து, பெண் எடுத்து இருபுறமும் உறவு கொண்டாடுவோரும் உண்டு.

ஆயினும், அதே எல்லையில் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கோடும் ஓடுகிறது. அது பள்ளிக் கணிப்பொறிகளுக்கு இடையே அமைந்த கோடு. கேரள அரசு 2001-ஆம் ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளுக்கு உரிமக் கட்டணமற்ற கட்டற்ற மென்பொருளே ஏற்றது என்று அத்திட்டம் படிப்படியாக முடிவு செய்தது. 2017-இல் அது கைட் என்னும் பெயருடைய நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளிகளுக்கென அந்நிறுவனம் தொகுத்து வழங்கும் இயக்க அமைப்பு, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டிலோ 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தன. இரண்டும் இருப்பினும் இல்லங்களில் பெரிதும் புழங்கியது விண்டோஸே என்பதைக் கூறவேண்டியதில்லை.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. களியக்காவிளையில் உள்ள உறவினரின் மடிக்கணினியில் நன்கு ஓடிய தமிழ்ப் பாடநிரல் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் செருகுகிறார் என்று கொள்வோம். நிரல் இயங்குவதில்லை. ஒன்று, யாதொரு அசைவும் இராது. அன்றேல் பொருள் விளங்காத ஒரு வரி திரையில் தோன்றும். தமிழில் பயிலும் மாணவருக்குத் தமிழ்ச் சாதனங்கள் கிடைப்பதே அரிதாயிருக்க, கிடைத்த ஒன்றும் பயனற்றுப் போகிறது. 'யந்திரம் பழுது' என்று எழுதிவைப்பாரும், பள்ளிக் கணிப்பொறியை அழித்து வேறு அமைப்பை நிறுவ முற்படுவாரும் உண்டு. பின்னதனால் பதிவேடுகளும் மாணவர் செய்முறைகளும் அழிந்துபோக நேரிடும். உண்மையில் யந்திரமும் பழுதன்று, நிரலும் பழுதன்று. கோப்பின் இனம் வேறு, அவ்வளவே.

கோப்பின் தலைப்பில் உள்ள சீட்டு

இயங்கு கோப்பு என்பது கணிப்பொறியின் செயலிக்கு உரிய கட்டளைகளை வரிசையாகக் கொண்ட கோப்பு. ஆனால் கட்டளைகள் மட்டும் போதா. அவற்றை நினைவகத்தில் எவ்விடத்தில் இறக்குவது, எங்கிருந்து தொடங்குவது, துணையாக எந்தெந்த நூலகக் கோப்புகள் வேண்டும் என்ற விவரங்களும் உடன் இருத்தல் அவசியம். ரயிலில் அனுப்பும் பார்சலின் மேல் ஒட்டப்படும் சீட்டைப்போல, இவ்விவரங்கள் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகின்றன. சீட்டை எழுதும் முறை ஒவ்வோர் இயக்க அமைப்பிலும் வெவ்வேறு. இம்முறையே இயங்கு கோப்பின் வடிவம் எனப்படுகிறது.

வடிவத்தை அறியப் பெரும்பாலும் முதல் சில பைட்டுகளே போதும். லினக்ஸ் அமைப்பின் எல்ஃப் வடிவக் கோப்பு 127, 69, 76, 70 என்ற நான்கு எண்களுடன் தொடங்கும். பின் மூன்றும் ஈ, எல், எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்களின் குறியீட்டெண்கள். விண்டோஸ் நிரல் 77, 90 என்று தொடங்கும். அவை எம், இசட் என்ற எழுத்துக்கள். பழைய டாஸ் அமைப்புக்கு இவ்வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸிபிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துக்களே அவை. இன்றைய ஒவ்வொரு விண்டோஸ் நிரலின் முகப்பிலும் அம்மனிதரின் ஒப்பம் நிற்பது ஒரு விந்தை. 1993-இல் விண்டோஸ் என்.டி. வெளிவந்தபோது பி.இ. என்னும் புதிய வடிவம் புகுத்தப்பட்டது. எனினும் டாஸின் தலைப்பு நீக்கப்படவில்லை. கோப்பின் தொடக்கத்திலிருந்து 60 பைட்டுகள் கடந்தவுடன், உண்மையான தலைப்பு எங்குள்ளது என்ற குறிப்பு வைக்கப்பட்டது. கட்டளைகளை வெறும் எழுத்துக்களாகக் கொண்ட ஸ்கிரிப்டுகளோ 35, 33 என்ற இரு குறிகளுடன் தொடங்கி, தம்மைப் படித்து இயக்கவேண்டிய நிரலின் பெயரை முதல் வரியிலேயே கூறிவிடுகின்றன.

எல்ஃப் வடிவம் 1980-களின் இறுதியில் யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்து என்ற அமைப்பின் நான்காம் வெளியீட்டுக்காக வகுக்கப்பட்டது. லினக்ஸ் முதலில் ஏ.அவுட் என்ற பழைய வடிவத்தைக் கையாண்டு, 1995-ஐ ஒட்டி எல்ஃபுக்கு மாறியது. பழைய வடிவத்துக்கான ஆதரவு 2022-இல்தான் நீக்கப்பட்டது. வடிவங்கள் எளிதில் மறைவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

கோப்புப் பெயரின் வால்பகுதியான எக்ஸி முதலியவற்றை லினக்ஸின் கருநிரல் பொருட்படுத்துவதில்லை. கோப்பை இயக்குமாறு கேட்டதும், கருநிரல் அதன் முதல் 256 பைட்டுகளைப் படிக்கிறது. பின்பு தன்னிடம் பதிவாகியுள்ள வடிவ-வல்லுநர்களை ஒவ்வொருவராக அழைத்து, 'இது உம்முடையதோ?' என்று வினவுகிறது எனலாம். எல்ஃபுக்கு ஒருவர், ஸ்கிரிப்டுக்கு ஒருவர், பிறவற்றுக்கு ஒருவர் என அமைந்துள்ளனர். எவரும் ஏற்காவிடில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்ற செய்தி திரும்புகிறது. கோப்பு கெட்டுப்போனது என்று இதற்குப் பொருளன்று. இச்சீட்டைப் படிப்போர் இங்கு எவருமிலர் என்பதே பொருள்.

வேறு செய்திகளும் இதனுடன் சேர்த்துக் குழப்பப்படுகின்றன. கோப்பு கண்ணெதிரே இருக்க, 'அத்தகைய கோப்பு இல்லை' என்று கணிப்பொறி கூறுவது உண்டு. 32 பிட் நிரலை 64 பிட் அமைப்பில் இயக்கும்போது இது பெரும்பாலும் நேரும். எல்ஃப் நிரல் தன்னை ஏற்றிவைக்கும் துணைநிரலின் பெயரைத் தன்னுள் எழுதிவைத்திருக்கும். இல்லையென்று கூறப்படுவது அத்துணைநிரலே. 32 பிட் நூலகங்களை நிறுவினால் இடர் தீரும். மற்றொன்று 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது. பென் டிரைவுகளில் வழங்கும் ஃபேட் முறையில், கோப்புக்கு இயங்கும் அனுமதியைக் குறித்துவைக்க இடமில்லை. ஆகவே உபுண்டு வழி அமைப்புகள், எக்ஸி, காம், பேட் என்று முடியும் பெயர்களுக்கு மட்டும் அவ்வனுமதி இருப்பதாகக் கொள்கின்றன. லினக்ஸ் நிரலை லினக்ஸ் கணிப்பொறியே மறுக்கும் வேடிக்கை இவ்வாறு நிகழ்கிறது! நிரலை முதலில் வன்தட்டுக்குப் படியெடுத்து, அங்கு அனுமதி அளிப்பதே வழி.

இயக்குமுன் அறியும் கருவிகள்

நிரலாக்குநருக்கென இயக்க அமைப்புடன் வழங்கப்படும் சில கருவிகள் ஆசிரியருக்கும் கள ஊழியருக்கும் பெரிதும் உதவுவன. கோப்பை இயக்காமலே அதன் இனத்தை இவை கூறிவிடும்.

முதற்கருவி ஃபைல் என்னும் கட்டளை. 1973-இல் யூனிக்ஸின் நான்காம் பதிப்பிலேயே இது இடம்பெற்றது. இன்று லினக்ஸில் வழங்குவது இயன் டார்வின் என்பவர் 1980-களில் புதிதாக எழுதிய வடிவம். ஆயிரக்கணக்கான கோப்பு வகைகளின் முதற்குறிகள் இதன் அட்டவணையில் உள்ளன. கட்டளையையும் கோப்பின் பெயரையும் தட்டச்சு செய்தால் போதும்: எல்ஃபா, பி.இ.-யா, 32 பிட்டா, 64 பிட்டா, எச்செயலிக்கு உரியது என்பன ஒரே வரியில் தோன்றும். பாறசாலை ஆசிரியரின் பென் டிரைவுக்கு இதுவே முதற் பரிசோதனையாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது ரீடெல்ஃப். எல்ஃப் ஒன்றையே அறியும். ஆயின் அதை ஆழ அறியும். எல்ஃப் கோப்பின் ஐந்தாம் பைட்டு 1 எனில் 32 பிட், 2 எனில் 64 பிட். 19, 20-ஆம் பைட்டுகள் செயலியின் எண்ணைக் கொண்டவை. இவற்றையெல்லாம் ரீடெல்ஃப் சொற்களாக விரித்துக் காட்டும். மேலே கூறிய ஏற்று-நிரலின் பெயரையும் இதனால் அறியலாம்.

மூன்றாவதாகிய ஆப்ஜ்டம்ப், பல வடிவங்களையும் ஒருங்கே கையாளவல்லது. இதன் பின்னணியில் பி.எஃப்.டி. என்னும் நூலகம் உள்ளது. அந்நூலகம் வடிவம் ஒவ்வொன்றையும் தனக்குரிய பொதுவான உருவமாக மாற்றிக்கொண்டு, மேலே நிற்கும் கருவிக்கு அவ்வுருவத்தையே காட்டுகிறது. இருமொழி அறிந்த ஒருவர் இடையே நின்று பேச உதவுவது போன்றது இது. அவ்வட்டாரத்துச் சந்தையில் தமிழும் மலையாளமும் அறிந்தோர் நாள்தோறும் செய்யும் வேலையே. உபுண்டுவின் ஆப்ஜ்டம்ப், விண்டோஸின் பி.இ. கோப்புகளையும் திறந்து, அவை எதிர்பார்க்கும் நூலகக் கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட வல்லது. பட்டியலைக் கண்டு, நிரல் வேறு அமைப்பில் இயங்க வாய்ப்புண்டா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நூலகத் தேவைகளை அறிய எல்டிடி என்ற கட்டளையைப் பல கையேடுகள் பரிந்துரைக்கின்றன. சில சந்தர்ப்பங்களில் அக்கட்டளை, நிரலையே இயக்கித் தகவல் பெறக்கூடும். அறிமுகமில்லாத கோப்பின் மேல் அதை ஏவுதல் தகாது. அதற்கு ஆப்ஜ்டம்பே ஏற்றது.

அயல் வடிவத்தை இயக்குதல்

இனம் தெரிந்தபின் இயக்க வழியுண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு. 1993-இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் மென்பொருள், விண்டோஸ் நிரலின் தலைப்பைப் படித்து நினைவகத்தில் ஏற்றி, அந்நிரல் விண்டோஸிடம் கேட்கும் பணிகளை லினக்ஸின் பணிகளாக மாற்றிக் கொடுக்கிறது. செயலி ஒன்றே ஆதலால் கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. வேகமும் அதிகம் குறைவதில்லை. 16 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்ட 1990-களின் பழைய நிரல்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் இயங்கமாட்டா. அவற்றுள் சில வைனில் இயங்குகின்றன. பழைய குறுந்தட்டுகளைப் பேணிவைத்துள்ள பள்ளிகள் இதைக் கவனத்திற் கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் வைனைப் பெயர் சொல்லி அழைக்காமல், கருநிரலுக்கே அயல் வடிவத்தைக் கற்பிக்கவும் இயலும். இதற்கு அமைந்தது பின்ஃப்ம்ட்-மிஸ்க் என்னும் பகுதி. 1997-இல் ரிச்சர்ட் குந்தர் என்பவரால் இது லினக்ஸில் சேர்க்கப்பட்டது. முன்னர் 'பிறவற்றுக்கு ஒருவர்' என்று குறித்தது இதையே. இன்ன இடத்தில் இன்ன பைட்டுகள் காணப்பட்டால் இன்ன நிரலிடம் ஒப்படைக்க என்று ஒரே வரியில் பதிவு செய்தால், அக்கணமுதல் கருநிரல் அவ்வாறே நடந்துகொள்ளும். 77, 90 என்று தொடங்குவன வைனுக்குச் செல்லும். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலிக்குரிய எல்ஃப் கோப்புகள் ஃபாப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய க்யூஈமு என்ற பாவனை யந்திரத்துக்குச் செல்லும். அது ஆர்ம் கட்டளைகளை மொழிபெயர்த்து இயக்கும்.

எல்லையின் மறுபுறத்திலும் இதே முறை பயன்படுவது சுவையான செய்தி. 2016 முதல் விண்டோஸினுள் லினக்ஸ் நிரல்களை இயக்க மைக்ரோசாஃப்ட் ஓர் உள்ளமைப்பை வழங்கிவருகிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் வடிவத்தில் உண்மையான லினக்ஸ் கருநிரலே ஓடுகிறது. அங்கு லினக்ஸ் திரையிலிருந்து விண்டோஸ் நிரலை அழைத்தால், அதை இனங்கண்டு விண்டோஸிடம் ஒப்படைப்பது பின்ஃப்ம்ட்-மிஸ்க்தான். ஆகவே விண்டோஸ் மடிக்கணினி மட்டும் உடைய களியக்காவிளை ஆசிரியரும் ரீடெல்ஃப், ஆப்ஜ்டம்ப் ஆகியவற்றைப் பழகலாம்.

ஆப்பிள் கணிப்பொறிகள் இவ்வட்டாரப் பள்ளிகளில் அரிது. ஆதலின் ஒரு செய்தி போதும். அந்நிறுவனம் பல செயலிகளுக்குரிய நிரல்களை ஒரே உறையில் இட்டு வழங்கும் முறையைக் கையாள்கிறது. உறையைப் பிரிக்கும் கருவி லிப்போ. அவ்வுறை 202, 254, 186, 190 என்று தொடங்கும். ஜாவா மொழியின் தொகுப்புக் கோப்பும் அதே நான்கு எண்களுடன் தொடங்குவதால், அடுத்து வரும் எண்ணையும் நோக்கியே ஃபைல் கட்டளை தீர்ப்பளிக்கிறது. முதற்குறி மட்டும் எப்போதும் போதாது என்பதற்கு இது உதாரணம்.

விண்டோஸ் நிரல்களை இருமுறை சொடுக்கியவுடன் இயங்கும்படி பள்ளிக் கணிப்பொறிகளில் பதிவு செய்தல் நன்றா? அன்று என்றே கூறவேண்டும். விண்டோஸ் வைரஸும் ஒரு பி.இ. கோப்பே. லினக்ஸ் கணிப்பொறி அதை இயக்க அறியாதிருப்பதே இதுகாறும் ஒரு காவலாக இருந்தது. வைன் தனது இயல்பான அமைப்பில் கணிப்பொறியின் முழுக் கோப்பு மரத்தையும் இசட் என்ற ஓட்டகமாக நிரலுக்குத் திறந்துகாட்டுகிறது. பயன்படுத்துவோர் எழுதக்கூடிய கோப்பு எதையும் தீய நிரலும் எழுதிவிடும். மாணவர் மதிப்பெண் பட்டியல் உள்ள கணக்கில் இத்தகைய சோதனை கூடாது. இன்றியமையாத நிரலெனில், வேறு கோப்புகள் இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தோற்றுவித்து, வைனைப் பெயர் சொல்லி அழைத்து இயக்குவதே தக்கது.

ஒரே வடிவம், வெவ்வேறு யந்திரங்கள்

இதுவரை கூறியதிலிருந்து, வடிவம் ஒன்றானால் நிரல் எங்கும் ஓடும் என்று எவரேனும் கருதலாம். அது தவறு என்பதைக் கேரளப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் கண்கூடாகக் காட்டலாம். 2018-இல் தொடங்கிய இம்மன்றங்களுக்கு 2022-இல் ஆர்டுவீனோ பலகை அடங்கிய ரோபாட் கருவித்தொகுதிகள் வழங்கப்பட்டன. விளக்கொன்றை மினுக்கும் சிறு நிரலை மாணவர் மடிக்கணினியில் எழுதிப் பலகைக்கு அனுப்புகின்றனர். அனுப்புமுன் தற்காலிகமாக உருவாகும் கோப்பை ஃபைல் கட்டளையால் சோதித்தால், அதுவும் எல்ஃப் என்றே விடை வரும்! மடிக்கணினியில் ஓடும் நிரலும் எல்ஃப். விரலளவுச் சில்லில் ஓடும் நிரலும் எல்ஃப். வேற்றுமை 19, 20-ஆம் பைட்டுகளில் உள்ளது. 64 பிட் மடிக்கணினிச் செயலிக்கு எண் 62. ஆர்டுவீனோ ஊனோவின் ஏ.வி.ஆர். செயலிக்கு 83, ராஸ்பெரி பையின் ஆர்முக்கு, 32 பிட்டாயின் 40, 64 பிட்டாயின் 183.

நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலேயே இவ்வரிசையில் சேரத்தக்க இந்தியச் செயலி ஒன்றும் உருவாகியுள்ளது. திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் ரிஸ்க்-ஐந்து என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றி வேகா என்னும் செயலிகளை வடிவமைத்தது. அவற்றுள் சிறியதான 32 பிட் செயலி, தேஜஸ்32 என்ற சில்லில் 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. அச்சில்லைக் கொண்ட பயிற்சிப் பலகைகளுக்கு ஏரீஸ் என்று பெயர். ரிஸ்க்-ஐந்துக்கு எல்ஃப் முறையில் வழங்கிய எண் 243.

மடிக்கணினியின் ஆப்ஜ்டம்பிடம் ஆர்டுவீனோவின் எல்ஃப் கோப்பைக் கொடுத்தால், வடிவம் எல்ஃப் என்றும், செயலி 'அறியப்படாதது' என்றும் கூறும். உறையைப் படிக்கும், உள்ளிருக்கும் மொழியை அறியாது. ஏ.வி.ஆருக்கென அமைந்த ஆப்ஜ்டம்பே கட்டளைகளை வரிவரியாகப் பிரித்துக் காட்டும். ஆனால் ரீடெல்ஃப் எச்செயலிக்குரிய தலைப்பையும் படித்துவிடும்.

மேலும், ஆர்டுவீனோவில் இயக்க அமைப்பு என்பதே இல்லை. சீட்டைப் படித்து நிரலை ஏற்றுவோர் எவருமிலர். எனவே பலகைக்குச் செல்லுமுன் உறையைக் களைதல் அவசியம். இப்பணியைச் செய்வது ஆப்ஜ்காப்பி. இது எல்ஃப் கோப்பிலிருந்து கட்டளைகளையும் தரவுகளையும் மட்டும் எடுத்து, இன்டெல் ஹெக்ஸ் என்னும் எழுத்து வடிவில் எழுதுகிறது. அக்கோப்பின் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியுடன் தொடங்கும்; இறுதியில் வரியின் சரிபார்ப்பு எண் நிற்கும். ஊனோவின் 32 கிலோபைட் நினைவகத்தில் பதிவது இவ்வாறு உறை நீங்கிய பகுதியே. மாணவரைக் கொண்டு எல்ஃப் கோப்பின் அளவையும், சில்லில் பதிந்த பகுதியின் அளவையும் ஒப்பிடச் செய்தால், உறைக்கு எவ்வளவு இடம் சென்றது என்பதை அவர்களே கணக்கிடுவர். ஒரு பாடவேளையில் முடிக்கத்தக்க இப்பயிற்சிக்குப் புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை.

கள ஊழியர் பள்ளிக்கு நிரல் வழங்கும்போதும் பெறும்போதும் இருப்புப் பதிவேட்டில் அதன் பெயருடன் வடிவம், செயலி, பிட் அளவு ஆகியவற்றையும் ஃபைல் கட்டளை கூறியவாறே குறித்துவைத்தல் நலம். மூலநிரல் கிடைக்குமாயின் அதையும் கேட்டுப் பெறவேண்டும். மூலநிரல் கையிலிருந்தால் பெரும்பாலும் அந்தந்த யந்திரத்துக்கு ஏற்பத் தொகுத்துக்கொள்ளலாம். சில பாடங்கள் படமும் எழுத்துமாக மட்டும் இருந்தும் எக்ஸி கோப்பாகக் கட்டப்பட்டு வருகின்றன. அவற்றைத் தயாரித்தோரிடம் சாதாரண வலைப்பக்க வடிவில் கேட்பதே சிறந்தது. கணித ஆசிரியர்கள் ஜியோஜீப்ராவில் வரைந்த உருவங்களுக்கு இத்தொல்லையே இல்லை. அக்கோப்பு 80, 75 என்று தொடங்கும். அது இயங்கு கோப்பன்று, சுருக்கிக் கட்டிய ஒரு தரவு மூட்டை. பாறசாலை லினக்ஸிலும் களியக்காவிளை விண்டோஸிலும் ஆங்காங்குள்ள ஜியோஜீப்ரா அதைத் திறந்துகொள்கிறது.